விக்கியில் எழுதியது காணாமல் போகாமல் இருக்க…

ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உங்கள் ஊரின் விக்கிப்பீடியா பக்கத்தில் நான்கு பத்தி எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஓர் அழைப்பு. பேசி முடித்துவிட்டு பிரவுசரைத் திறந்தால், பக்கம் தானாகவே மறுபடியும் லோடு ஆகிறது. எழுதியதில் ஒரு வரிகூட இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "இதெல்லாம் நமக்கு சரிப்படாது" என்று ஃபோனை வைத்துவிட்டால், மறுபடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. போனது ஒரு மணி நேர உழைப்பு மட்டும் என்றால்கூட பரவாயில்லை. உங்கள் ஊர் ஏரியின் பெயர் எப்படி வந்தது, பள்ளிக்கூடம் எந்த வருடம் தொடங்கியது, எந்தப் புத்தகத்தில் அந்தத் தகவல் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்த ஒருவர், இனி எழுத மாட்டார். இழப்பு அதுதான்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுதியவை அல்ல இவை. ஆசிரியர்கள், மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என எல்லோரும் நேரம் கிடைத்தபோது எழுதியவை. 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதையொட்டி தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டியே நடத்தின. அப்போது பெரும்பாலும் கணினியில்தான் எழுதினார்கள். இப்போது நம்மில் பலருக்குக் கையில் இருப்பது ஃபோன் மட்டும்தான். ஃபோனில் எழுதலாம், தாராளமாக எழுதலாம். ஆனால் ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்து எங்கே இருக்கிறது?

நீங்கள் தொகுக்கும் பெட்டியில் தட்டச்சு செய்வது எதுவும், வெளியிடும் பொத்தானை அழுத்தும் வரை விக்கிப்பீடியாவுக்குப் போவதில்லை. அது உங்கள் ஃபோனில், அதிலும் அந்த ஒரு டேபில் மட்டும்தான் இருக்கிறது. டேப் போனால் அதுவும் போச்சு.

வெளியிட்ட பிறகோ நிலைமை தலைகீழ். ஒவ்வொரு முறை வெளியிடும்போதும் பக்கத்தின் அந்தப் பதிப்பு முழுசாக, தேதி நேரத்தோடு, வரலாற்றில் பதிவாகிவிடுகிறது. பிறகு யாராவது உங்கள் பத்தியை நீக்கினாலும், தவறுதலாக அழித்தாலும், "வரலாற்றைக் காட்டவும்" என்பதை அழுத்திப் பார்த்தால் பழைய பதிப்பு அப்படியே இருக்கும். திறந்து நகல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, ஆபத்து முழுக்க 'எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்கிற அந்த இடைவெளியில்தான். அந்த இடைவெளியை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

முன்தோற்றம் என்பது சேமிப்பு அல்ல

புதிதாக எழுத வருகிறவர்கள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். முன்தோற்றத்தை அழுத்துகிறார்கள். எழுதியது அழகாக, படம் வைத்த கட்டுரை போலவே திரையில் தெரிகிறது. "சரி, ஏறிடுச்சு" என்று டேபை மூடிவிடுகிறார்கள். ஏறவே இல்லை. முன்தோற்றம் என்பது வெளியிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு மட்டும் காட்டுவது. ஃபோனில் 'அடுத்து' போகும் அம்புக்குறியை அழுத்திய பிறகு, சுருக்கம் எழுதச் சொல்லும் ஒரு திரை வரும். அதையும் தாண்டி வெளியிடும் பொத்தானை அழுத்தினால்தான் வேலை முடிந்தது.

அழுத்திய பிறகும் அவசரப்பட்டு மூட வேண்டாம். புதுக் கணக்கு வைத்திருப்பவர்கள் கட்டுரையில் வெளி இணையதள இணைப்பைச் சேர்த்தால், நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்க, படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு பெட்டி வரும். ஆதாரம் கொடுப்பது நல்ல பழக்கம்; ஆதாரம் பெரும்பாலும் ஓர் இணைப்பாகத்தான் இருக்கும்; அதனால் நல்லபடியாக எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி அதிகம் வருகிறது! அதைக் கவனிக்காமல் போய்விட்டால் திருத்தம் பதிவாகாது. இதேபோல சில திருத்தங்களுக்கு ஓர் எச்சரிக்கை தோன்றும். படித்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்றால் மறுபடியும் வெளியிட வேண்டியிருக்கும்.

வெளியிட்டதும் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உங்கள் வரி கண்ணில் பட்டால்தான் அது ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஃபோன் ஏன் இப்படிச் செய்கிறது?

கணினியைவிட ஃபோனில் எழுத்து காணாமல் போக வாய்ப்பு அதிகம். காரணம் சாதாரணமானது. ஃபோனின் நினைவகம் சிறியது. நீங்கள் பிரவுசரை விட்டு வேறு செயலிக்குப் போகும்போது, அந்தச் செயலிக்கு இடம் தேவைப்பட்டால், பின்னால் கிடக்கும் டேபை ஃபோன் சத்தமில்லாமல் காலி செய்துவிடும். நீங்கள் திரும்பி வரும்போது அது பக்கத்தை மறுபடியும் புதிதாக இறக்குகிறது. கேமரா, வீடியோ அழைப்பு, பெரிய விளையாட்டுச் செயலிகள் எல்லாம் நினைவகத்தை நிறைய எடுத்துக்கொள்பவை. ஆதாரத்துக்காகப் புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுக்கக் கேமராவைத் திறந்ததிலேயே எழுதியது போய்விடலாம்.

"சேமிக்காத மாற்றங்கள் இருக்கின்றன, வெளியேறட்டுமா?" என்று விக்கி கேட்குமே என்று சிலர் நினைக்கலாம். நீங்களாக வேறு இணைப்பைத் தொட்டு வெளியேறினால் கேட்கும். ஃபோனே டேபைக் காலி செய்யும்போது கேட்க யாரும் இல்லை.

இன்னொன்று, விரல். திரையை மேலிருந்து கீழே இழுத்தால் பல பிரவுசர்கள் பக்கத்தைப் புதுப்பித்துவிடும். ஓரத்திலிருந்து உள்பக்கம் தள்ளினால் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். நீளமான பத்தியில் மேலே போகத்தான் இழுத்திருப்பீர்கள். ஓடும் பேருந்தில் நின்றுகொண்டு எழுதினால் இது நடந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எளிய வழி, நீளமாக எழுதுவதைப் பிரவுசரில் எழுதாமல் இருப்பதுதான். கூகுள் கீப் மாதிரி ஏதாவது குறிப்புச் செயலியில் எழுதுங்கள். அவை தட்டச்சு செய்யச் செய்யத் தானே சேமித்துக்கொள்பவை. அழைப்பு வந்தாலும், சார்ஜ் தீர்ந்தாலும் கிட்டத்தட்ட கடைசி வரி வரை இருக்கும். முடித்த பிறகு நகலெடுத்து விக்கியில் ஒட்டி, முன்தோற்றம் பார்த்து, வெளியிடுங்கள். குரல் வழியாகத் தமிழில் சொல்லி எழுதுகிறவர்களுக்கும் இதுதான் நல்லது. குரல் தட்டச்சில் ஐந்து நிமிடத்தில் நிறைய எழுதிவிடலாம். அதே வேகத்தில் நிறைய இழக்கவும் செய்யலாம்.

வாட்ஸ்ஆப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. வெறும் எழுத்துக்கு அது போதும். விக்கிக் குறியீடுகளோடு எழுதியதை அங்கே வைக்கலாமா என்றால், வேண்டாம். நட்சத்திரக் குறி போட்டால் வாட்ஸ்ஆப் அதைத் தடித்த எழுத்தாகப் புரிந்துகொள்ளும். விக்கியில் வரியின் தொடக்கத்தில் வரும் நட்சத்திரக் குறி என்பது பட்டியல். வேர்டு கோப்பிலும் ஐஃபோனிலும் வேறொரு தொல்லை: நேரான மேற்கோள் குறியை அவை வளைந்த குறியாக மாற்றிவிடும். விக்கியில் தடித்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று நேரான ஒற்றை மேற்கோள் குறிகள் வேண்டும். வளைந்துபோனால் வேலை செய்யாது. குறியீடுகளை ஒட்டிய பிறகு விக்கியிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

வேறு வழியில்லாமல் பிரவுசரிலேயே எழுதுகிறீர்கள் என்றால், வெளியிடுவதற்கு முன் ஒரு பழக்கம்: எழுத்தின் மீது நீண்ட நேரம் அழுத்தி, அனைத்தையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்துவிடுங்கள். பத்து விநாடி வேலை. ஆனால் அந்த நகலையும் ரொம்ப நேரம் நம்ப முடியாது. நடுவில் ஓடிபி எண்ணை நகலெடுத்தால், உங்கள் நான்கு பத்தி இருந்த இடத்தில் அந்த ஆறு இலக்கம் உட்கார்ந்துவிடும். ஜிபோர்டு விசைப்பலகையில் கிளிப்போர்டு வசதியை இயக்கி வைத்திருந்தால் பழைய நகல்களும் இருக்கும், ஆனால் ஒரு மணி நேரம்தான். அதற்கு மேல் வேண்டும் என்றால் பின் செய்து வைக்க வேண்டும்.

பத்தி பத்தியாக வெளியிடுங்கள்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்க்காரர் ஒருவர், தன் ஊர்க் கட்டுரையில் குடவோலை முறை பற்றி விரிவாகச் சேர்க்க நினைக்கிறார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், யாருக்குத் தகுதி உண்டு, யாருக்குக் கிடையாது என்று விவரமாகச் சொல்பவை. எழுத நிறைய இருக்கிறது.

அவர் முழுப் பக்கத்தையும் தொகுக்கத் திறந்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரேயடியாக வெளியிடலாம். அல்லது அந்த ஒரு தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் 'தொகு' என்பதை, ஃபோனில் என்றால் சின்னப் பென்சில் படத்தைத் தொட்டு, அந்தப் பகுதியை மட்டும் திறந்து, கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதி, ஆதாரம் சேர்த்து வெளியிடலாம். அப்புறம் தகுதிகள் பற்றி ஒரு பத்தி. அப்புறம் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்த முறை. ஒவ்வொன்றும் பத்து, பதினைந்து நிமிடம். நடுவில் என்ன ஆனாலும் போகப்போவது கடைசிப் பத்து நிமிட வேலை மட்டும்தான்.

"இப்படித் துண்டு துண்டாக வெளியிட்டால் பக்கத்தின் வரலாறு நீளமாகாதா?" என்று சில மூத்த பயனர்கள் குறைபட்டுக்கொள்வது உண்டு. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு முறை வெளியிட்டால் அது நியாயமான குறைதான். ஒரு பத்திக்கு ஒருமுறை என்பதில் தவறே இல்லை. என்ன செய்தீர்கள் என்று சுருக்கத்தில் நான்கு வார்த்தை எழுதிவிட்டால், பின்னால் வருகிறவர்களுக்கும் வசதி.

தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக வருவதில்லை. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியோடு அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. வருடிய நூலின் ஒரு பக்கத்துக்கு விக்கியிலும் ஒரு பக்கம். பிழை திருத்தினால் சிவப்பாக இருந்தது மஞ்சள் ஆகும்; இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. ஒரு பக்கத்தை முடித்து வெளியிட்ட பிறகுதான் அடுத்த பக்கம் என்பதால், எழுத்தை இழந்தாலும் ஒரு பக்கத்தோடு சரி. விக்கிக்குப் புதிது, தயக்கமாக இருக்கிறது என்பவர்கள் அங்கே கை பழகிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஒரே பக்கத்தில் இரண்டு பேர்

நீங்கள் தொகுக்கத் திறந்த பிறகு, நீங்கள் வெளியிடுவதற்குள் வேறொருவர் அதே பக்கத்தை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? இதைத்தான் தொகுப்பு முரண்பாடு என்கிறார்கள். தேர்தல் முடிவு நாள், ஒரு பிரபலத்தின் மறைவு, கிரிக்கெட் இறுதி ஆட்டம் போன்ற நேரங்களில், சம்பந்தப்பட்ட பக்கங்களில் ஒரே சமயத்தில் பல கைகள் விழும். சாதாரண ஊர்க் கட்டுரையில் இது அபூர்வம்தான், ஆனால் நடக்கும். நீங்கள் வெளியிட்டதைப் பார்த்த ஒருவர் எழுத்துப்பிழை திருத்த வந்திருப்பார். அதே நேரத்தில் நீங்கள் அடுத்த பத்தியில் இருப்பீர்கள்.

விக்கி மென்பொருள் இதைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகவே கையாள்கிறது. நீங்கள் எந்தப் பதிப்பிலிருந்து தொடங்கினீர்கள் என்பது அதற்குத் தெரியும். இருவரும் வேறு வேறு இடங்களில் கை வைத்திருந்தால், இரண்டையும் தானே சேர்த்துவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரே வரியில் இருவரும் கை வைத்தால்தான் "முரண்பாடு" என்று நிறுத்தி உங்களைக் கேட்கும். விக்கியில் ஒரு முழுப் பத்தியே ஒரு வரிதான் என்பதால், ஒரே பத்தியில் இருவர் கை வைத்தாலும் இது வரும். பகுதி பகுதியாகத் தொகுப்பதும், சீக்கிரம் சீக்கிரமாக வெளியிடுவதும் இங்கேயும் உதவுகிறது.

முரண்பாட்டுத் திரை வந்துவிட்டது. இப்போ என்ன பண்றது? முதலில், பதற வேண்டாம். உங்கள் எழுத்து இன்னும் அழியவில்லை, திரையிலேயே இருக்கிறது. பழைய வடிவத் திரையில் மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி இருக்கும். மேலே இருப்பது இப்போது பக்கத்தில் உள்ள எழுத்து. கீழே இருப்பது உங்களுடையது. வெளியிட்டால் மேல்பெட்டியில் இருப்பது மட்டும்தான் சேமிக்கப்படும். இது தெரியாமல் அப்படியே வெளியிட்டுவிட்டு, "என்னுடையது எங்கே?" என்று தேடுகிறவர்கள் உண்டு. புதிய வடிவத்தில் இருவர் எழுதியதும் பத்தி பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். எது வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஃபோன் திரையில் இரண்டு வடிவத்தோடும் மல்லுக்கட்டுவது கஷ்டம். அதனால் குறுக்கு வழி: உங்கள் எழுத்தை நகலெடுத்துக் குறிப்புச் செயலியில் ஒட்டிவிடுங்கள். விக்கிப் பக்கத்தைப் புதிதாகத் திறங்கள். மற்றவர் என்ன மாற்றியிருக்கிறார் என்று பாருங்கள். அதன் பிறகு, நீங்கள் புதிதாக எழுதிய வரிகளை மட்டும் உரிய இடத்தில் சேர்த்து வெளியிடுங்கள்.

'மட்டும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். உங்களிடம் இருக்கும் பழைய முழு நகலை அப்படியே மேலே ஒட்டினால், நடுவில் அந்த இன்னொருவர் செய்த வேலை மொத்தமும் பக்கத்திலிருந்து போய்விடும். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அவரும் உங்களை மாதிரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருக்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயமும் இருக்கிறது. நீங்களே உங்களோடு மோதிக்கொண்டால் விக்கி எச்சரிப்பதில்லை. ஒரே கணக்கில், ஒரே பக்கத்தை ஃபோனிலும் மடிக்கணினியிலும், அல்லது இரண்டு டேபில், முழுப் பக்கமாகத் தொகுக்கத் திறந்து வைத்திருக்கிறீர்கள். முதலில் ஃபோனில் வெளியிட்டீர்கள். அரைமணி கழித்து, முன்பே திறந்து கிடந்த மடிக்கணினித் திரையில் ஒரு சொல்லைத் திருத்தி வெளியிட்டீர்கள். கடைசியாகத் திருத்தியதும் நீங்களேதான் என்பதால், மென்பொருள் முரண்பாடு என்று நிறுத்தாமல் பின்னதை ஏற்றுக்கொண்டுவிடும். ஃபோனில் எழுதியது பக்கத்தில் இருக்காது. வரலாற்றில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காணவில்லை என்று நீங்கள் கவனித்தால்தானே தேடுவீர்கள்? ஒரு பக்கத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு திரை. இந்தக் கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அளவில் மாற்றி எழுத வேண்டியிருந்தால், "இந்தப் பக்கத்தில் வேலை நடக்கிறது" என்று அறிவிக்கும் வார்ப்புரு ஒன்றைப் பக்கத்தின் தலையில் இடும் வழக்கம் விக்கிகளில் உண்டு. அது ஒரு வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

அமர்வு முடிந்துவிட்டது என்றால்

ரொம்ப நேரம் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வெளியிட்டால், அமர்வுத் தரவு இழக்கப்பட்டதால் திருத்தத்தை ஏற்க முடியவில்லை என்ற செய்தி சில சமயம் வரும். அரசு இணையப் படிவங்களை நிரப்பியவர்களுக்கு இது பழகிய தலைவலிதான்: சான்றிதழ் எண்ணைத் தேடி பீரோவைக் குடைந்துவிட்டு வருவதற்குள், தளம் நம்மை வெளியேற்றியிருக்கும். விக்கியில் நல்லவேளையாக எழுத்து திரையிலேயே நிற்கும். மறுபடி ஒருமுறை வெளியிடும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் எழுத்தை நகலெடுத்துவிட்டு, இன்னொரு டேபில் புகுபதிகை செய்து, பிறகு இங்கே வந்து அழுத்துங்கள். புகுபதிகை செய்யும்போதே, தொடர்ந்து உள்ளே இருக்கும்படி கேட்கும் கட்டத்தை டிக் செய்துவிட்டால் ஓராண்டு வரை தொல்லை இல்லை. சொந்த ஃபோனில் மட்டும்! பிரவுசிங் சென்டரிலோ மற்றவர் கணினியிலோ அதைத் தொடாதீர்கள்.

வெளியிடும் நேரத்தில் நெட் போய், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். முதலில் நகல். பிறகு இன்னொரு டேபில் வரலாற்றைப் பாருங்கள். உங்கள் திருத்தம் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். பார்க்காமல் மறுபடி ஒட்டினால் ஒரே பத்தி இரண்டு முறை வந்து நிற்கும்.

போனதை மீட்க முடியுமா?

சில நேரம் முடியும். காட்சித் தொகுப்பியில், அதாவது குறியீடுகள் இல்லாமல் வேர்டு மாதிரி எழுதும் முறையில், டேப் மறுபடி லோடு ஆனால், அதே பக்கத்தைத் தொகுக்கத் திறந்து பாருங்கள். சேமிக்காத மாற்றங்களை மீட்டுவிட்டதாக ஒரு செய்தி வர வாய்ப்பு இருக்கிறது. மூலக் குறியீட்டில் எழுதுகிறவர்களுக்கு விருப்பத்தேர்வுகளில், தொகுத்தல் பிரிவில், தொகுப்பை மீட்கும் வசதி ஒன்று வந்திருக்கிறது. கணினியில் எழுதுகிறவர்கள் அதை இயக்கி வைப்பது நல்லது. இவை இரண்டுமே எழுத்தை உங்கள் பிரவுசருக்குள்தான் வைக்கின்றன. வேறு கருவியில் தேடினால் கிடைக்காது. மறைநிலை டேபில் எழுதி மூடிவிட்டாலும் கிடைக்காது. இடம் போதவில்லை என்று பிரவுசர் தரவை அழித்தால், அதோடு போகும். கணினியில் தவறுதலாக வேறு பக்கத்துக்குப் போய்விட்டால், உடனே பின்செல்லும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல நேரம் எழுத்து அப்படியே திரும்பி வரும்.

வெளியிட்ட எழுத்தை வேறொருவர் நீக்கியிருந்தால் அது வேறு கதை. அதை இழப்பு என்றே சொல்ல மாட்டேன். வரலாற்றில் பாருங்கள், நீக்கியவர் சுருக்கத்தில் காரணம் எழுதியிருப்பார். ஆதாரம் இல்லை என்பார், விளம்பரம் மாதிரி இருக்கிறது என்பார். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஆலமரத்தடி இருக்கிறது; தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு அதுதான் பெயர். முழுக் கட்டுரையையே நிர்வாகிகள் நீக்கிவிட்டால் வரலாறும் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் நிர்வாகிகளால் பார்க்க முடியும். "மேம்படுத்தித் தருகிறேன், என் பயனர் பக்கத்துக்கு மாற்றித் தர முடியுமா?" என்று ஒரு நிர்வாகியிடம் கேட்கலாம். செய்தித்தாளிலிருந்தோ வேறு தளத்திலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியது என்றால் மட்டும் தர மாட்டார்கள். அது காப்புரிமைச் சிக்கல்.

புதுக் கட்டுரையை நேராக வெளியிடத் தயங்குகிறவர்களுக்கு மணல்தொட்டி இருக்கிறது. பொது மணல்தொட்டி எல்லோரும் கிறுக்கிப் பார்க்கும் இடம், அவ்வப்போது துடைத்துவிடுவார்கள். அங்கே வைக்காதீர்கள். கணக்கு உருவாக்கினால் உங்கள் பயனர் பெயரின் கீழ் உங்களுக்கென்று ஒரு மணல்தொட்டி கிடைக்கும். அரைகுறையாக இருந்தாலும் அங்கே வெளியிட்டு வைக்கலாம். ஃபோனே தொலைந்தாலும் வரைவு இருக்கும்.

ஆனால் 'என் மணல்தொட்டி' என்பதால் அது ரகசிய இடம் இல்லை. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். குறிப்புச் செயலியிலிருந்து ஒட்டும்போது, அதில் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்த கைபேசி எண், ஆதார் எண், வங்கி விவரம் எல்லாம் சேர்ந்து வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. அடுத்த நிமிடமே அழித்துவிட்டாலும் பழைய பதிப்பு வரலாற்றில் நிற்கும். நம் எழுத்தைக் காப்பாற்றும் அதே வசதி, இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. அப்படி நடந்துவிட்டால் பொதுப் பக்கத்தில் போய்ப் புலம்பாதீர்கள். அங்கே எழுதினால் இன்னும் பத்து பேர் போய்ப் பார்ப்பார்கள். நிர்வாகி ஒருவருக்கு விக்கியில் உள்ள மின்னஞ்சல் வசதி வழியாக எழுதி, அந்தக் குறிப்பிட்ட பதிப்பை மறைக்கச் சொல்லுங்கள். அதற்கான அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஒட்டிய பிறகு, வெளியிடுவதற்கு முன், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை ஓட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.